ஐப்பசி பிறந்தால் மனம் மங்குகிறது: மாரி இருட்டை எப்படிக் கடக்கிறீர்கள்?

எழுவான்கரை ஆசிரியை, கல்லடி | ஒக்டோபர் 18, மாலை 6.40

நேற்று மாலை ஐந்தரை மணிக்கே முன் விறாந்தையில் விளக்குப் போட வேண்டியதாயிற்று. மட்டக்களப்பு வாவிக்கு மேலே வானம் மப்பும் மந்தாரமுமாகக் கிடந்தது. மழை இன்னும் சரியாக இறங்கவில்லை. ஆனால் வாடையின் முதல் ஈரம் யன்னல் இடுக்குகளால் உள்ளே வந்துவிட்டது. விளக்கைப் போட்ட கையோடு கதிரையில் அமர்ந்தவள், இரவுச் சமையலுக்குக்கூட எழும்பவில்லை.

ஒவ்வொரு வருடமும் எனக்கு இப்படித்தான். ஐப்பசி பிறந்ததும் தொடங்கித் தைப்பொங்கல் வரை இது நீள்கிறது. மாசியில் வெயில் ஏறும்போது நான் வேறு ஆளாகிவிடுகிறேன். இந்த மாதங்களில் எவ்வளவு உறங்கினாலும் போதாது, தொலைபேசி அடித்தால் எடுக்க மனம் வராது, சோற்றையும் இனிப்பையும் தவிர வேறெதிலும் நாட்டம் இருக்காது, வாசிக்க எடுத்த புத்தகம் முதல் அத்தியாயத்திலேயே கவிழ்ந்து கிடக்கும். படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் பாடசாலை மணி என்னை இழுத்துக்கொண்டு போனது. ஓய்வு பெற்று மூன்று மாரிகளைக் கடந்த பிறகுதான், இது வெறும் சோம்பல் அல்ல என்பது எனக்கு விளங்கியது.

இதை வெளியே சொல்வதற்கு எனக்கு உரிமை இல்லை என்ற எண்ணம்தான் இன்னும் பாரமாக இருக்கிறது. நான் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயற்குடும்பம் ஒன்றில் பிறந்தவள். நாங்கள் உண்டதும் உடுத்ததும் படித்ததும் மாரிப்போகத்து நெல்லினால்தான். முதல் மழை விழுந்ததும் அப்பா முற்றத்தில் இறங்கி முகத்தை வானத்துக்குக் கொடுத்தபடி நிற்பார். அந்த வீட்டில் மழையைப் பிடிக்கவில்லை என்று ஒரு பிள்ளை சொல்ல முடியாது. சொன்னால் அது சோற்றைப் பழிப்பதற்குச் சமம். அறுபதை நெருங்கிய இந்த வயதிலும் என் கணவரிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை.

ஆகவே இங்கே கேட்கிறேன். மாரி இருட்டு உங்களையும் இப்படி அழுத்துகிறதா? பிற்பகல் நான்கு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் இடையிலான பொழுதில் நீங்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள்? மனதைத் தைரியமாக வைத்திருங்கள் என்ற அறிவுரையை நானே எத்தனையோ மாணவருக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்கு வேண்டியது, செய்து பார்த்த ஒருவரின் சொல்.

கோட்டைமுனையான், ஒஸ்லோ | ஒக்டோபர் 18, இரவு 11.15

ரீச்சர், நான் கோட்டைமுனையில் பிறந்து வளர்ந்தவன். நோர்வேக்கு வந்து 26 வருடங்கள் ஆகின்றன. இங்கே டிசம்பர் 21ஆம் திகதியளவில் சூரியன் காலை ஒன்பதேகாலுக்குப் பிறகே எழுந்து, பிற்பகல் மூன்றேகாலுக்கு முன்னரே படுத்துவிடும். ஆறு மணித்தியாலத்திற்கும் குறைந்த அந்தப் பகலிலும் சூரியன் உச்சிக்கு ஏறாது. அடிவானத்தை ஒட்டி ஊர்ந்துவிட்டுப் போய்விடும். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. வடக்கே திரொம்சோ நகரில் நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை.

முதல் இரண்டு குளிர்காலங்களிலும் எனக்கு நீங்கள் எழுதிய அதே நிலைதான். ஊரை நினைத்து ஏங்குகிறேன் என்றே நான் எண்ணியிருந்தேன். மூன்றாம் வருடம் குடும்ப வைத்தியரிடம் போனபோது, "போன குளிர்காலத்திலும் இப்படி இருந்ததா, வசந்தத்தில் தானாகத் தெளிந்ததா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். ஆம் என்றதும், காலையில் பாவிக்கும் ஒளி விளக்கைப் பற்றி விளக்கினார். 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தரும் அந்த விளக்கை மேசையின் ஒரு பக்கத்தில் வைத்து, நேரே உற்றுப் பார்க்காமல், எழும்பிய கையோடு அரை மணித்தியாலம் அதன் முன் அமர்ந்து தேநீர் குடிப்பேன். ஏறத்தாழ ஒரு வாரத்துக்குப் பின்னர் காலையில் எழும்புவது இலகுவானது. அதற்காக டிசம்பர் எனக்கு இனித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அதை நான் இன்றும் விரும்பவில்லை; ஆனால் இப்போது அதில் மூழ்குவதில்லை.

இந்த நாட்டு மக்களிடம் நான் கற்றது, குளிர்காலம் வந்த பின்னர் யோசிக்காமல் வருமுன்னரே ஏற்பாடு செய்வது. இருட்டுக் காலத்துக்கென்றே அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது. அதைப் பற்றி அலுவலகத்தில் வெட்கமில்லாமல் பேசுகிறார்கள். பெயரில் 'ர்' ஒலி வரும் மாதங்களில், அதாவது செப்டெம்பர் முதல் ஏப்ரல் வரை, மீனெண்ணெய் குடிக்க வேண்டும் என்று பாட்டிமார் சொல்லிவைத்திருக்கிறார்கள். ரியூக்கன் என்றொரு சிறு நகரம் ஆழமான பள்ளத்தாக்கில் இருப்பதால், செப்டெம்பர் முதல் மார்ச் வரை அங்கே வெயில் விழுவதே இல்லை. 2013ஆம் ஆண்டு அந்த மக்கள் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, வெயிலைத் திருப்பி நகரச் சதுக்கத்தில் விழச் செய்தார்கள். வெயிலுக்காக ஒரு ஊரே கூடி இவ்வளவு செய்திருக்கும்போது, ஒருவர் வாய்விட்டுச் சொல்வதில் வெட்கப்பட என்ன இருக்கிறது ரீச்சர்?

வட்டைக்காரன், உன்னிச்சை | ஒக்டோபர் 19, காலை 9.05

ரீச்சர், நான் மாறாகச் சொல்வதற்குக் கோபிக்கக்கூடாது. நான் ஆறு ஏக்கர் செய்கிறவன். புழுதி விதைப்பு முடித்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் பயப்படும் அந்த மந்தாரத்துக்காகத்தான் இந்த வட்டை, இந்த வயல்வெளி முழுவதும் காத்திருக்கிறது.

மாரியில் எனக்கு இருட்டைக் கவனிக்க நேரமே கிடைப்பதில்லை. மழை பலத்தால் நடுச்சாமத்திலும் எழும்பி, வயல் துண்டுகளான வரவைகளில் நீர் நிறைந்து வரம்பு உடையாமல் இருக்க, நீர் வடியும் வக்கடை வெட்டிவிட வேண்டும். மழை விட்டால் உரம், களை, பூச்சி என்று வேலை வந்துவிடும். பயிர் வளர்ந்தால் யானைக்காவல். காவல் குடிலான வாடியில் நெருப்பு மூட்டிக்கொண்டு, வெடிச்சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்று காதைத் தீட்டியபடி இருப்போம். எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தரும் மாத்திரையைக் கிழமைக்கொருமுறை மறக்காமல் எடுக்க வேண்டும். அதை அலட்சியம் செய்து வருந்தியவர்களை எனக்குத் தெரியும். இவ்வளவுக்கும் நடுவே பயிர் கரும்பச்சையாக எழும்பும்போது வருகிற சந்தோசத்துக்கு ஈடாக நான் வேறொன்றையும் கண்டதில்லை. உங்களுடைய இருட்டு மழையால் வந்ததல்ல, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதால் வந்தது என்றே எனக்குப் படுகிறது.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. எனக்கும் ஒரு பயம் இருக்கிறது. அது ஜனவரியில் வருகிறது. 2011 ஜனவரியில் கதிர் வைத்த வயல் வெள்ளத்துக்குள் போயிற்று. மிஞ்சியதை வைத்துச் சமாளிக்கலாம் என்று நிமிர்ந்தபோது, பெப்ரவரியில் இரண்டாம் வெள்ளம் வந்தது. நகையை ஈடு வைத்து விதைத்த போகம் அது. அன்றிலிருந்து ஜனவரி மாதத்து இரவில் மழை தொடர்ந்து பெய்தால் நான் படுக்கையில் இருக்கமாட்டேன். முற்றத்தில் ஒரு சிரட்டையை வைத்து, அது நிறைவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மனைவி ஏசுவாள். அது ஒரு வருத்தம் என்று நான் நினைத்ததில்லை. உங்கள் எழுத்தை வாசித்த பிறகு இதுவும் அதன் சாதிதானோ என்று தோன்றுகிறது.

நான்கு மணித் தாய், கல்முனை | ஒக்டோபர் 19, பிற்பகல் 2.30

மூன்று பிள்ளைகள், ஒரு சிறிய வீடு, காயாத சீருடைகள். என் மாரி இதுதான். கூடத்துக்குள் குறுக்கும் மறுக்குமாகக் கொடி கட்டி, ஈரத் துணிகளின் கீழே குனிந்து குனிந்து நடப்போம். காலையில் ஈரக் காலுறையை இஸ்திரிப் பெட்டியால் காயவைக்கும்போது எழும் அந்த மணம்தான் எனக்கு மார்கழியின் மணம்.

நான்கு மணியானால் எனக்கும் நெஞ்சு அடைக்கும். இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு மாற்றம் செய்தேன். பிள்ளைகளின் படிப்பு மேசையை உள்ளறையிலிருந்து தூக்கி, கம்பி வலை அடித்த முன் விறாந்தைக்குக் கொண்டுவந்தேன். தூவானம் அடிக்கும் நாட்களில் தறப்பாள் கட்டிக்கொள்வோம். ஒழுங்கையில் உள்ள இரண்டு பெண்கள் தையல் வேலையோடு அங்கே வரத் தொடங்கினார்கள். கச்சான் வறுப்போம், மல்லித் தண்ணீர் கொதிக்கும், ஒருவருக்கொருவர் பிள்ளைகளின் கணக்கைப் பார்த்துக் கொடுப்போம். ஆறரைக்கு எல்லாரும் எழும்பிப் போய்விடுவார்கள். அந்த இரண்டரை மணித்தியாலத்தில் ஆட்கள் இருந்தால் எனக்கு மீதி இரவு பாரமில்லை.

மனநலத் தாதி, அக்கரைப்பற்று | ஒக்டோபர் 19, இரவு 8.50

நான் பல வருடங்களாக மனநலப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். ஆசிரியை எழுதியதையும் ஒஸ்லோ அண்ணா எழுதியதையும் சேர்த்து வாசித்தபோது, இரண்டு இடங்களுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக எழுத வேண்டும் என்று பட்டது.

அண்ணா சொல்வது பருவகால மனச்சோர்வு. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் நோர்மன் ரோசென்தாலும் அவருடைய குழுவினரும் 1984இல் அதை ஒரு தனி நிலையாக விவரித்தார்கள். காலை வெளிச்சம் விழித்திரை வழியாக மூளையின் உள் மணிக்கூட்டைத் தினமும் திருத்துகிறது. இருட்டில் சுரக்கும் மெலற்றோனின் என்ற ஓமோன் உறக்கத்துக்கு உடலைத் தயார்படுத்துகிறது. காலை வெளிச்சம் அதை அடக்குகிறது. பகல் மிகவும் குறுகும் நாடுகளில் இந்த மணிக்கூடு பின்தங்கிவிடுவது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அதிக உறக்கம், மாப்பொருளிலும் இனிப்பிலும் நாட்டம், ஆட்களைத் தவிர்த்தல் என்று ஆசிரியை எழுதிய அடையாளங்கள் அந்த நிலையோடு ஒத்துப்போகின்றன.

ஆனால் மட்டக்களப்பு ஏறத்தாழ 7.7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. இங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலம்கூட இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: சூரியன் மிக முந்தி மறைவது நம்மில் பலர் எண்ணுவதுபோல மார்கழியில் அல்ல, நவம்பர் நடுப்பகுதியில்தான், மாலை 5.40 அளவில். ஜூலையில் அது 6.25 வரை நிற்கும். மார்கழி பிறக்கும்போது மாலை ஏற்கெனவே மெதுவாக நீளத் தொடங்கிவிடுகிறது. காலை மட்டுமே இன்னும் பிந்திக்கொண்டு போகும். ஆகவே வானியல் கணக்கில் நமக்கு இருண்ட காலம் என்று ஒன்று இல்லை.

அப்படியானால் இந்த இருட்டு எங்கிருந்து வருகிறது? நான் பார்த்த அளவில் அதற்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று முகிலும் மூடிய யன்னலும். நம் ஊர் வீடுகள் வெயிலை வெளியே நிறுத்துவதற்காகவே தாழ்ந்த கூரையோடும் நீண்ட கூரை விளிம்போடும் கட்டப்பட்டவை. கோடையில் அது வரம். மாரியில் தூவானத்துக்குப் பயந்து யன்னலையும் சாத்திவிட்டால், பகல் பன்னிரண்டு மணிக்கும் உள்ளே நூறு லக்ஸ் வெளிச்சம் இருக்காது. ஆனால் அதே நேரம் வெளியே, முழுவதும் மந்தாரமாக இருந்தாலும், பல ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். நமது கண் இருட்டுக்கு இலகுவாகப் பழகிவிடுவதால் இந்தப் பெரிய வேறுபாட்டை நாம் உணர்வதில்லை. வட்டைக்கார ஐயா சொன்னதில் உள்ள உண்மை இதுதான். அவர் மழைக்குள் நின்றாலும் வெளிச்சத்துக்குள் நிற்கிறார். ஒஸ்லோ அண்ணா பணம் கொடுத்து வாங்கிய வெளிச்சம் ஆசிரியையின் படலைக்கு வெளியே காசில்லாமல் கிடைக்கிறது. காலை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில் ஒரு அரை மணித்தியாலம், குடையோடு ஆனாலும், நடந்து பாருங்கள். நடக்க முடியாதவர்கள் கதிரையைத் திறந்த விறாந்தையின் விளிம்புக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது வாசல் ஞாபகம். இதை மெதுவாகத்தான் எழுத வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளி, 2004 டிசம்பர் 26 கடல், 2011 ஜனவரி வெள்ளம், 2024 நவம்பர் வெள்ளம். நம் கரையோரத்தைத் தாக்கியவற்றில் பெரியவை எல்லாம் இந்த மூன்று மாதங்களுக்குள்ளேயே வந்திருக்கின்றன. மனம் மறந்துவிட்டாலும் உடல் அந்தப் பருவத்தின் காற்றையும் மணத்தையும் அடையாளம் கண்டுகொள்கிறது. நவம்பர் தொடங்கியதும் உறக்கம் குலைந்து எங்களிடம் வருபவர்களில் பலர், எதற்காகக் குலைகிறது என்று அறியாமலே வருகிறார்கள். சிரட்டை வைத்துப் பார்க்கும் ஐயாவிடம் நான் சொல்ல விரும்புவது, அதற்காக யாரும் உங்களை ஏசக்கூடாது என்பதே.

எப்போது உதவி தேட வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு வாரங்களுக்கு மேலாக நாள் முழுவதும் சோர்வு நீங்காவிட்டால், செய்ய வேண்டிய வேலைகள் நின்றுபோனால், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், காத்திருக்க வேண்டாம். அரச வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் பணம் வாங்கமாட்டார்கள். 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். ஒளி விளக்கை வரவழைக்க எண்ணுபவர்கள், கண் நோயோ இருதுருவ மனநிலைக் கோளாறோ இருந்தால் வைத்தியரைக் கேட்காமல் பாவிக்கக்கூடாது. மெலற்றோனின் மாத்திரையையும் தாமாக வாங்கி விழுங்கக்கூடாது.

நெல்லூர்வாசி, சம்மாந்துறை | ஒக்டோபர் 21, காலை 6.20

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாவற்றையும் வாசித்தேன். மழை அல்லாஹ்வின் ரஹ்மத், அவனுடைய அருள். அது பொய்த்த வருடங்களில் நாங்கள் மைதானத்தில் கூடி மழைத் தொழுகை தொழுதிருக்கிறோம். அப்படிக் கேட்டு வாங்கியதை வெறுக்கிறேன் என்று எழுதுவது சரியல்ல என்று எனக்குப் படுகிறது. பொறுமையும் நன்றியும் இருந்தால் இந்தச் சோர்வு வராது. இதை மனதில் பட்டபடி சொல்கிறேன். ஆசிரியை அவர்களைப் புண்படுத்தும் எண்ணம் இல்லை.

எழுவான்கரை ஆசிரியை, கல்லடி | ஒக்டோபர் 21, மாலை 4.45

நெல்லூர்வாசி நானா, நீங்கள் சொன்னதை நான் என் அப்பாவின் குரலில் ஐம்பது வருடங்களாகக் கேட்டுவருகிறேன். ஆனால் நன்றி இல்லாததால் இந்தச் சோர்வு வருகிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளையைப் பெற்றதற்கு நன்றி சொல்லும் தாய்க்கும் பிரசவ வலி வலியாகத்தான் இருக்கிறது. மழையை நான் வேண்டுகிறேன். அது பெய்யும்போது உள்ளே நான் அணைந்துபோகிறேன். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கின்றன.

தாதி மகள் எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். 1978 நவம்பர் 23 அன்று எனக்குப் பதினொரு வயது. அன்று பிற்பகலிலேயே வானம் இருண்டுவிட்டதால், அம்மா வழக்கத்துக்கு மாறாக நேரத்தோடே அரிக்கன் லாம்பைக் கொளுத்தினார். விளக்கேற்றும் நேரம் இதுவல்லவே என்று நான் கேட்டது ஞாபகம் இருக்கிறது. இரவில் கூரைக் கிடுகுகள் ஒவ்வொன்றாகப் போயின. நாங்கள் நெற்பட்டறையின் ஓரத்தில் ஒருவர்மேல் ஒருவராகப் படுத்திருந்தோம். காற்றின் சத்தத்தில் அம்மா என் காதருகே பேசியதும் எனக்குக் கேட்கவில்லை; அவருடைய வாய் அசைவது மட்டும் தெரிந்தது. விடிந்தபோது நின்றிருந்த தென்னைகளுக்குத் தலை இல்லை. பள்ளிக்கூடத்துக்கும் கூரை இல்லை. எங்கள் வகுப்பில் இரண்டு பேர் பிறகு வரவில்லை. அந்தச் சூறாவளியில் ஏறத்தாழ 900 பேர் இறந்தார்கள் என்று பிற்காலத்தில் நான் மாணவருக்குப் படிப்பித்திருக்கிறேன், அந்த இரண்டு பேரும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள் என்பதை ஒருநாளும் சொல்லாமல்.

மாலை ஐந்தரைக்கு விளக்குப் போட்டபோது என் கை ஏன் அப்படிச் சோர்ந்தது என்று இப்போது யோசிக்கிறேன்.

நெல்லூர்வாசி, சம்மாந்துறை | ஒக்டோபர் 22, காலை 6.45

ஆசிரியை அவர்களே, என்னை மன்னியுங்கள். நேற்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதை நாடே அறியும். அந்த நாட்களில் இந்த ஊர் இருந்த நிலையை என்னால் எழுத முடியாது. அதற்குப் பிறகு நானும் மழை பெய்யும் மாலைகளில் அந்த வீதியால் போவதில்லை. தேவை இருந்தாலும் மறுநாளுக்குத் தள்ளிவிடுவேன். அதை நான் பொறுமைக்குறைவு என்று சொல்லிக்கொண்டதில்லை. உங்களுக்கு மட்டும் அப்படிச் சொல்லிவிட்டேன்.

நான் செய்வதைச் சொல்கிறேன். அதிகாலைத் தொழுகையான சுபஹ் தொழுதுவிட்டு உடனே வீட்டுக்குத் திரும்பாமல், நாங்கள் நான்கைந்து பேர் பள்ளிவாசலுக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையின் வெளி வாங்கில் நன்றாக விடியும் வரை இருப்போம். மாரியில் ஒருவர் வராவிட்டால் மற்றவர் அவருடைய வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. வெளிச்சத்தின் கணக்கை யோசித்து நாங்கள் அதைச் செய்யவில்லை.

கோட்டைமுனையான், ஒஸ்லோ | ஒக்டோபர் 26, இரவு 9.00

இன்று ஒக்டோபரின் கடைசி ஞாயிறு. இங்கே மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்துவிட்டார்கள். நாளை பிற்பகல் நான்கரைக்கே இருட்டிவிடும். விளக்கைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தேன்.

தாதி அக்காவிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெர்மொண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெல்லி ரோஹன் என்ற உளவியலாளர், ஒளி விளக்கையும் பருவகாலச் சோர்வுக்கென அமைத்த பேச்சுச் சிகிச்சையையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். சிகிச்சை நடந்த குளிர்காலத்தில் இரண்டும் ஒரே அளவுக்கு உதவின. இரண்டு குளிர்காலங்கள் கழித்துப் பார்த்தபோது பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களிடம்தான் சோர்வு குறைவாகத் திரும்பியிருந்தது. இருட்டைப் பற்றி மனம் வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகளைப் பிடித்து எழுதிப் பார்ப்பதும், விருப்பமான ஒரு வேலையை நாள் குறித்துச் செய்வதும் அதில் முக்கியமானவை. நான் செவ்வாய்க்கிழமைகளில் இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பறை பழக்கப் போகிறேன். போக மனமில்லாத செவ்வாய்களில்தான் கட்டாயம் போவேன்.

எழுவான்கரை ஆசிரியை, கல்லடி | நவம்பர் 15, மாலை 5.50

இன்றுதான் சூரியன் மிக முந்தி மறையும் நாட்களில் ஒன்று என்று தாதி மகளின் கணக்குச் சொல்கிறது. அதனால் இன்றைக்கு எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன்.

மூன்று வாரங்களாகக் காலையில் நடக்கிறேன். அதில் ஐந்து நாட்கள் போகவில்லை. இரண்டு நாட்கள் அடைமழை, மூன்று நாட்கள் எழும்ப முடியவில்லை. போன நாட்களில் ஆறரைக்கு வெளிக்கிட்டு, கல்லடிப் பழைய பாலம் வரை நடந்து திரும்புகிறேன். பாடும் மீன்களின் ஓசை கேட்கும் பருவம் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை என்பார்கள். இப்போது வாவி கலங்கி, ஆற்றுவாழைத் துண்டுகளைச் சுமந்துகொண்டு முகத்துவாரப் பக்கம் போகிறது. பாலத்தில் ஒருவர் தினமும் வீச்சுவலை வீசுகிறார். நான்காம் நாள் அவர், "இண்டைக்குப் பிந்திட்டீங்க ரீச்சர்" என்றார். எப்போதோ என்னிடம் படித்தவராம். முகம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

உறக்கம் இன்னும் அதிகம்தான். மாலைப் பொழுதும் இன்னும் பாரமாகவே இருக்கிறது. ஆனால் தொலைபேசியை எடுக்கிறேன். முன்னறையில் இருந்த கதிரையை விறாந்தைக்கு மாற்றிவிட்டேன். விளக்கை இருட்டும் வரை காத்திராமல், வெளிச்சம் இருக்கும்போதே நாலரைக்குப் போட்டுவிடுகிறேன். இருட்டைக் கண்டு போட்டதாக இல்லாமல், எனக்கென்று குறித்த நேரத்தில் போட்டதாக இருக்கட்டும் என்று. இதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை என்று தெரியும். கணவரிடமும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உமக்கு மாரியில் என்னோடு கோபம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்" என்றார். 23ஆம் திகதி இரவு என்னோடு விழித்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளும் அன்றிரவு அழைப்பார்கள்.

வட்டைக்காரன், உன்னிச்சை | நவம்பர் 15, இரவு 7.30

ரீச்சர், முந்தி நான் எழுதியதில் ஒரு கடுமை இருந்தது. மனதில் வைக்க வேண்டாம். பயிர் பக்கத்தில் புதுத் தூர்கள் கிளம்பி மட்டம் வெடிக்கிறது. இந்த வருடம் முளைப்பு நன்று. சிரட்டை விசயத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நேற்றிரவு மழைக்கு எழும்பி என்னோடு வந்து நின்றாள்.

நீங்கள் வயலைக் கண்டு எத்தனை வருடம்? ஐயாவையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் காலையில் வாருங்கள்.

எழுவான்கரை ஆசிரியை, கல்லடி | நவம்பர் 15, இரவு 7.55

அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்குப் பிறகு மாரியில் நான் படுவான்கரைக்கு வந்ததே இல்லை தம்பி. செவ்வாய்க்கிழமை மழை விட்டிருந்தால் வருகிறோம்.

வட்டைக்காரன், உன்னிச்சை | நவம்பர் 15, இரவு 8.10

வலையிறவுப் பாலத்தால் வந்து வவுணதீவு வீதியைப் பிடியுங்கள். தண்ணீர் ஏறினால் விடியவே அழைத்துச் சொல்கிறேன். வரம்பு வழுக்கும், ஐயாவுக்கு ஒரு பொல்லு வெட்டி வைக்கிறேன். வாடியில் தேத்தண்ணீர் இருக்கும்.